பரணில் கிடந்த தூண்டில் ராடு ஏரிக்கு ஆகுமா?

கேள்வி: அப்பா வாங்கிய ஏழடி ஃபைபர் கிளாஸ் ராடும் ரீலும் இருபது வருஷமாகப் பரணில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஏரிக்குப் போய் ஜிலேபி மீன் பிடிக்கலாம் என்று இருக்கிறோம். இதையே எடுத்துப் போகலாமா, புதிதாகக் கார்பன் ராடு வாங்க வேண்டுமா?

பதில்: இதுவே போதும். ஃபைபர் கிளாஸ் லேசில் கெடாது. கெட்டிருப்பது பெரும்பாலும் நரம்பும் (தூண்டில் நூல்), ராடில் அது ஓடும் வளையங்களும் ரீலுக்குள் இருக்கும் கிரீஸும்தான்.

ரீலில் உள்ள பழைய நரம்பைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், வெட்டி எறியுங்கள். வெயில்பட்டுப் பழசான நைலான் வலுவாகத் தோன்றும். மீன் இழுக்கும்போது முடிச்சில் அறும். ஜிலேபிக்கு 0.25 மி.மீ. நரம்பு தாராளம். ஸ்பூலின் (ரீலில் நரம்பு சுற்றும் பகுதி) விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிற்கும்படி சுற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் வீசும்போது கொத்தாகக் கழன்று சிக்கும். ரொம்பக் குறைந்தால் விளிம்பில் உரசி, தூரம் போகாது.

அடுத்து வளையங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொன்றின் உள்ளேயும் சுழற்றுங்கள். பஞ்சின் நார் எங்கே மாட்டுகிறதோ அங்கே கீறலோ விரிசலோ இருக்கிறது. புது நரம்பையும் அது அரைமணியில் அறுத்துவிடும். அதிகம் தேய்வது நுனி வளையம்தான். லைட்டரை எட்டப் பிடித்து மெல்லச் சூடாக்கினால் பசை இளகிக் கழன்று வரும். அதே உள்ளளவில் புதியது வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

ராடின் இரு துண்டும் சேரும் இடம் ஆடினால், உள்ளே நுழையும் பகுதியில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். உள்முளை (ஒரு துண்டிலிருந்து நீட்டி மற்றதற்குள் நுழையும் குச்சி) வைத்த பழைய ராடுகளில், செருகிய பிறகும் நடுவே சிறு இடைவெளி தெரியும். அது குறையல்ல, தேயத் தேய இறங்குவதற்காக விட்ட இடம். அதை மூட வேண்டும் என்று அழுத்தித் திருகினால் முளை பிளக்கும். மேல்பூச்சு போய் வெள்ளை நார் கிளம்பியிருந்தால், முகக்கவசம் போட்டுக்கொண்டு 600 நம்பர் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்து, மெல்லிசாக வார்னிஷ் பூசுங்கள். அந்த நார் கையில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும்.

ரீல் கைப்பிடி சுற்ற மறுத்தால், உறைந்த கிரீஸ்தான் காரணம். பக்கமூடியைக் கழற்றியதும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், திரும்ப மாட்டும்போது உதவும். பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, லித்தியம் கிரீஸ் கொஞ்சமாக வையுங்கள். நரம்பு உருளும் சின்ன உருளைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பிறகு டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடிப்பு: நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு இழுவைக்கு ஸ்பூல் சுழன்று நரம்பு விட வேண்டும். 4 கிலோ நரம்பென்றால் 1 கிலோ. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் இழுத்துப் பார்த்துவிடலாம்.

இனி, கார்பன். அதன் பெருமை இரண்டு: எடை குறைவு, மீன் தொடுவது கைக்குத் தெரியும். நீங்கள் தக்கை போட்டுப் பிடிக்கப்போகிறீர்கள்; மீன் தொடுவதைக் கண்தான் பார்க்கிறது. காசு கொடுத்து வாங்கிய கூர்மைக்கு அங்கே வேலையே இல்லை. போதாததற்கு, பிள்ளைகள் வெடுக்கென்று இழுப்பார்கள். கிளாஸ் வளைந்து அதை வாங்கிக்கொள்ளும். கார்பன் கல்லில் ஓர் அடி வாங்கினால் அப்போது ஒன்றும் தெரியாது. பிறகு மீன் இழுக்கும்போது அதே இடத்தில் முறியும். கார்பன் மின்சாரத்தையும் கடத்தும். கரையோரம் மின்கம்பி போகும் இடத்தில் அதை உயர்த்தவே கூடாது, இடி இடித்தால் கீழே வைத்துவிட வேண்டும். நனைந்த கிளாஸ் ராடையும் நம்பாதீர்கள்.

பாசிக்குள் தவளை லூர் (தவளை வடிவப் போலி இரை) போட்டு விரால் பிடிக்கும் எண்ணம் வந்தால் கதை வேறு. கொளுவி உடனே இழுத்து வெளியேற்ற விறைப்பான ராடு தேவை. அதற்குக் கார்பன் வாங்குவது நியாயம். அந்த வேலைக்கான பின்னல் நரம்பைப் பழைய ராடின் வெறும் இரும்பு வளையங்களில் ஓட்டாதீர்கள். அது வளையத்தில் பள்ளம் போடும்.

ஜிலேபிக்கு வாய் சிறிது, 10ஆம் நம்பர் தூண்டில் முள் போடுங்கள். மண்புழுவைத் துண்டாக்கிப் போடலாம். அல்லது கோதுமை மாவு ஒரு கப், கடலைப் பிண்ணாக்குத் தூள் அரைக் கப், சப்பாத்தி மாவைவிட இறுக்கமாகப் பிசைந்து, பிய்த்த பஞ்சு கொஞ்சம் சேர்த்தால் முள்ளை விட்டுக் கரையாது. கரையோரம் மூன்றடி ஆழம் போதும். தக்கையின் நுனி 1 செ.மீ. மட்டும் தெரியும்படி ஈயத்தைச் சரிசெய்யுங்கள். தக்கை அமுங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பக்கவாட்டில் நகர்ந்தாலோ சட்டென்று எழுந்து சாய்ந்தாலோ இழுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க மறக்காதீர்கள், உரசலில் சூடாகி நரம்பு பலமிழக்கும்.

போகுமுன் ஏரியின் மீன்பாசி குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) யாரிடம் இருக்கிறது என்று ஊரில் விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது பிள்ளைக்கும் ராடு வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டாம். எட்டடி மூங்கில் கம்பும் நுனியிலிருந்து எட்டடி தொங்கும் அளவுக்கு நரம்பும் போதும், ரீல் தேவையில்லை. நரம்பை நுனியில் மட்டும் கட்டாமல், கம்பின் நடுவில் கட்டி, நுனிவரை சுற்றிக் கொண்டுபோய் அங்கேயும் முடிச்சுப் போடுங்கள். நுனி ஒடிந்தாலும் மீன் கையில் இருக்கும்.