‘நல்லவேளை’ என்ற சொல் உறுத்தும்போது

வாசகர் கேள்வி – பதில்: நாடே துக்கத்தில் இருக்கும் நாட்களில் வீட்டுக்குள் எழும் கேள்விகள் இந்த முறை.

கேள்வி: இத்தனை பேர் உயிரிழந்திருக்கும்போது, என் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களே என்று மனசு நிம்மதிப்படுகிறது. அடுத்த நிமிஷமே வெட்கமாக இருக்கிறது. இது சுயநலமா?

இல்லை. ஆனால் இரண்டு உணர்வுகள் இங்கே பின்னிக் கிடக்கின்றன. ‘நல்லவேளை, நமக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பது நிம்மதி. அதற்குள் ஓர் ஒப்பீடு ஒளிந்திருக்கிறது: யாருக்கோ ஆயிற்று, நமக்கு ஆகவில்லை. உறுத்துவது அதுதான். நன்றி வேறு ரகம். ஒருவர் செய்ததைக் கவனித்ததால் வருவது. செய்தி வந்ததும் தங்கை ஒவ்வொருவருக்காய் போன் போட்டு எல்லோரும் வீடு சேர்ந்தார்களா என்று கேட்டாளே, அதை நினைத்து நெகிழ யாருடைய இழப்பும் அளவுகோலாகத் தேவையில்லை. நிம்மதி வந்தால் வரட்டும், அதை விரட்ட வேண்டாம். வாய்விட்டுச் சொல்வதற்கு மட்டும் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

துக்கம் தீர்ந்த பிறகுதான் நன்றி வர வேண்டும் என்பதும் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பே தாங்கள் ஆராய்ந்திருந்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை, தாக்குதலுக்குப் பின் உளவியலாளர் பார்பரா ஃப்ரெட்ரிக்சன் குழுவினர் மறுபடி ஆராய்ந்தார்கள். சீக்கிரம் நிமிர்ந்தவர்களிடமும் கோபம், வருத்தம், பயம் எல்லாம் இருந்தன. அவற்றின் நடுவிலேயே நன்றியும் அன்பும் இருந்தன. அதுதான் வித்தியாசம்.

கேள்வி: இரவுச் சாப்பாட்டின்போது ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தோம். நான்காம் நாளே பதினான்கு வயது மகன் ‘இதெல்லாம் நாடகம்’ என்று எழுந்து போய்விட்டான்.

அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தினமும் செய்தால் ஒப்பிப்பதாகிவிடும். நன்றியைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு, அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் 2003-ல் வெளியிட்டது. அதன் முதல் பகுதியில் வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து விஷயங்கள் வரை, பத்து வாரம் எழுதச் சொன்னார்கள். நீங்களும் வாரம் ஒரு நாளாக்குங்கள். பத்து நிமிஷம் போதும்.

முதல் சுற்று மனசில் கனப்பதைச் சொல்ல: ‘இந்த வாரம் எது மனசை அழுத்தியது?’ யாரும் பதில் சொல்லித் தேற்றக் கூடாது, கேட்டால் போதும். இந்தச் சுற்றை விட்டுவிட்டு நேரே நன்றிக்குப் போனால், துக்கத்தை மூடி மறைக்கிறார்கள் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் மகன் ‘நாடகம்’ என்றது அநேகமாக இதைத்தான். இரண்டாவது சுற்றில் ‘நன்றி’ என்ற சொல்லையே விட்டுவிடலாம். வீட்டுக்குள் அது அந்நியமாகத்தான் ஒலிக்கிறது. யார், என்ன செய்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று மூன்றையும் சொன்னால் போதும். ‘ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் விளக்கை அணைக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தான். அப்புறம் தூங்கிவிட்டேன்.’

பெரியவர்கள் முதலில் பேசுங்கள். ‘எனக்கு இல்லை’ என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. ‘குடும்பம், ஆரோக்கியம்’ என்று பொத்தாம்பொதுவாக வந்தால் ‘எப்போது தோன்றியது?’ என்று கேளுங்கள். ‘அவளாவது உதவினாள்’ என்று ஒரு ‘ஆவது’ நுழைந்தால் அது பாராட்டல்ல, குத்தல். இன்னொன்று, சத்தமில்லாமல் வேலை செய்பவர் பெயர் வாராவாரம் விடுபடும். அதை நீங்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: வீட்டில் டி.வி. நாள் முழுக்க ஓடுகிறது. ஐந்து வயதுப் பேத்தியும் பார்க்கிறாள். நிறுத்தினால் மாமனார் கோபிக்கிறார்.

2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் அமெரிக்காவில் 4,675 பேரிடம் நடந்த ஆய்வை அவரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலேயே மூழ்கியவர்களிடம், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கடுமையான மன அழுத்தம் காணப்பட்டது. அவருக்குக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, அரை அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கும் முன் வேண்டாம்.

பேத்தியின் கண்ணில் அது படவே வேண்டாம். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கிறது என்று சின்னக் குழந்தை நினைத்துக்கொள்ளும். அவள் கேட்டால் இரண்டு மூன்று வாக்கியத்தில் உண்மையைச் சொல்லுங்கள். ‘செத்துப்போனார்கள்’ என்பதை ‘தூங்குகிறார்கள்’ என்று மாற்றாதீர்கள், அப்புறம் தூங்கவே பயப்படுவாள். பொம்மைகளை வைத்து அதே சம்பவத்தை விளையாடினால் பதற வேண்டாம், குழந்தைகள் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறார்கள். படுக்கையை நனைப்பது, ஒட்டிக்கொண்டே திரிவது முதல் வாரங்களில் சகஜம். நாலு வாரம் தாண்டியும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரியவர்களுக்கும் அதே நாலு வாரக் கணக்குதான். தற்கொலை எண்ணம் எழுந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: உறவினர் ஒருவர் இதில் மகனை இழந்துவிட்டார். என்ன சொல்வது?

‘இன்னொரு பிள்ளையாவது இருக்கிறதே’ என்று சொல்லாதீர்கள். நன்றியை அவருக்கு நினைவூட்டும் வேலை உங்களுடையது அல்ல. நடந்ததை விவரிக்கச் சொல்லித் தூண்டவும் வேண்டாம், அவராகப் பேசினால் கேளுங்கள். மகன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ‘ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்றால் யாரும் சொல்லப் போவதில்லை. ‘வியாழக்கிழமை சான்றிதழ் வாங்க நான் கூட வருகிறேன்’ என்று நாளோடு, வேலையோடு சொல்லுங்கள். கூட்டம் வடிந்த ஆறாவது வாரத்திலும் போங்கள்.

கேள்வி: ‘இனி இந்த நாட்டில் நல்லதே நடக்காது’ என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். எப்படி நம்பிக்கை ஊட்டுவது?

வாதாடி ஊட்ட முடியாது. கையில் ஒரு வேலை வந்தால் கொஞ்சம் துளிர்க்கும். இரத்த தானம் செய்யட்டும், ஆனால் இரத்த வங்கியைக் கேட்டுவிட்டு. முதல் நாளே எல்லோரும் திரண்டுவிடுவார்கள். சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் 42 நாள்தான் வைத்திருக்க முடியும். 2001 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் அப்படிக் குவிந்ததில் ஒரு பகுதி வீணாகிக் கொட்டப்பட்டது. சில வாரம் கழித்துக் கொடுப்பவரின் இரத்தம்தான் பெரும்பாலும் உதவும்.

வீட்டுக் கதைகளுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் 2001-ல் பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் என்கிற மாதிரி. செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பார்த்தபோது, குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகள்தான் நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். விடைகளை மனப்பாடம் செய்ய வைத்துப் பயனில்லை. கதை கேட்டு உட்கார்ந்திருந்த பொழுதுகள்தான் காரணம் என்பது அவர்கள் கருத்து. வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லாதீர்கள். வீட்டுப் பெரியவரிடம் அவன் எதிரிலேயே கேளுங்கள்: ‘எல்லாம் போச்சு என்று நினைத்தது எப்போது? மறுநாள் காலையில் என்ன செய்தீர்கள்?’