பழங்காசு: வாங்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி: கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று சொல்லி, ஒருவர் ரோமானிய வெள்ளிக்காசு விற்கிறார். வாங்கினால் வம்பு வருமா? அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பழங்காசு வைத்திருப்பது குற்றமில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள்தான். ஆனால் கட்டாயப் பதிவு சிலை, ஓவியம், ஓவியமுள்ள சுவடி போன்றவற்றுக்கே; காசுக்கு இல்லை. விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். உரிம எண்ணோடு ரசீது கேளுங்கள், தயங்கினால் வந்துவிடுங்கள். மண்ணிலிருந்து எடுத்ததை ஆட்சியருக்குத் தெரிவிக்காமல் விற்றால், அந்த வம்பு உங்கள் வீட்டுக்கும் வரும்.

பிறகு எடை. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசு 3.5 முதல் 3.9 கிராம் வரை இருக்கும். 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 3.80 கிராம் காசுக்கு 0.37 அளவில் காட்டினால் நல்ல வெள்ளி, 0.44 காட்டினால் பித்தளை போன்ற மலிவு உலோகம். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், உதறிவிட்டு மறுபடி பாருங்கள்.

வெள்ளியிலேயே வார்த்த போலியும் உண்டு. பத்து மடங்கு லென்சில் ஊசிமுனை அளவுக் குழிகளும், விளிம்பில் அரம் தேய்த்த கோடும் தெரிந்தால் அது வார்ப்பு. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே விரிசல் இருந்தாலும் இரண்டையும் வாங்காதீர்கள். அச்சில் அடித்த காசுகள் அப்படி ஒத்துப்போவதில்லை. சேரரின் சதுரச் செப்புக்காசு என்றால் மேலே படிந்த பச்சையைப் பாருங்கள். அசிட்டோன் நனைத்த பஞ்சில் பச்சை ஒட்டி வந்தால் அது பூசியது.

கேள்வி: எங்கள் நிலத்தில் வீட்டுக்கு வானம் தோண்டும்போது ஒரு கலயம் நிறையச் செப்புக்காசு கிடைத்தது. நாங்களே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, தோராய மதிப்பு, இடம், தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, பொருளைக் கருவூலத்தில் ஒப்படையுங்கள் அல்லது பிணை கொடுங்கள். மறைத்தாலும் அடையாளம் மாறும்படி உருக்கினாலும் ஓராண்டு வரை சிறை. உரிமை கோரி யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இரண்டும் நீங்களே என்றால் முழுதும் உங்களுக்கு.

ஆனால் அரசு விரும்பினால், உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். செப்புக்காசுக்கு அது காயலான் கடை விலைதான். கலயம் கலயமாகக் காசு பாத்திரக்காரரின் உலைக்குப் போவதற்கு இந்தப் பிரிவே பெரிய காரணம். இதைத் திருத்தியே ஆக வேண்டும். இருந்தாலும் தெரிவியுங்கள். கலயத்தையும் காசுகளையும் பிரிக்காதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அதில் உள்ளவற்றில் காலத்தால் பிந்திய காசுதான் புதைத்த காலத்தைச் சொல்லும்.

கேள்வி: எல்லாப் பழங்காசும் அருங்காட்சியகத்துக்கே போக வேண்டும் என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசைப் படித்து வெளியிட்டவர் இரா. கிருஷ்ணமூர்த்தி, அவர் தாமே காசு சேகரித்தவர். சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் சங்ககாலக் காசுகளில் பல உருகிப் போயிருக்கும்.

ஆனால் புதையல் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது, மொத்தமாக எண்ணிப் பதிவு செய்ததால்தான். அதில் ஒன்று மட்டும் ஒருவர் கைக்கு வந்திருந்தால், சேதமான காசு என்று விலை குறைத்திருப்பார். தனியாக வைத்திருப்பவரும் ஒவ்வொரு காசுக்கும் எடை, படம், வாங்கிய இடம், கிடைத்ததாகச் சொன்ன ஊர் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு இரண்டு சோழர் காசு கொடுத்து அனுப்பலாமா?

பதில்: கூடாது. தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நூறாண்டு ஆகாத காசு என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.