ஒரு டேபிளுக்கு எத்தனை இண்டெக்ஸ்? கடற்கரை நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

பாம்பன்: அண்ணே, மீன் ஏலக் கணக்குக்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் ஒரு டேபிள் (அட்டவணை). படகு எண், தேதி, மீன் வகை, எடை, விலை, வியாபாரி ஆறுக்கும் தனித்தனி இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்) போட்டேன். மீன்பிடித் தடைக்காலத்தில் சோதித்தபோது பறந்தது. ஜூன் 15க்குப் பிறகு படகுகள் கரைக்கு வந்ததும் பதிவு ஏறவே திணறுகிறது. ஏன்?

தம்பி, அந்த 61 நாளும் பழைய கணக்கைத் தேடித்தான் பார்த்திருக்கிறாய், புதிதாக எழுதிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு இண்டெக்ஸும் ஒரு தனி பி-ட்ரீ, அதாவது மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் மரம். ஒரு வரி சேர்த்தால் டேபிளில் ஒரு முறை, அப்புறம் ஆறு மரத்திலும் ஒவ்வொரு முறை எழுத வேண்டும். தேதி மரத்தில் தொல்லை குறைவு. இன்றைய தேதி எப்போதும் கடைசியில்தான் போய் உட்காரும், அந்தப் பேஜ் (மரத்தின் ஒரு துண்டு) நினைவகத்திலேயே இருக்கும். விலையும் வியாபாரியும் அப்படியில்லை, மரத்தின் எந்த மூலைக்கும் போகும். மரங்கள் நினைவகத்தை மீறி வளர்ந்துவிட்டால் டிஸ்க்கைத் தட்டியாக வேண்டும்.

எடை 37 கிலோ என்று யாராவது தேடியிருக்கிறார்களா? எடையையும் விலையையும் கூட்டுவோம், தேடமாட்டோம். அந்த இரண்டையும் எடுத்துவிடு. எடுக்கப் பயமாக இருந்தால் மைஎஸ்கியூஎல் 8இல் இண்டெக்ஸை முதலில் ‘இன்விசிபிள்’ ஆக்கி, அதாவது தேடலின் கண்ணில் படாமல் மறைத்துப் பார்க்கலாம். ஆனால் அப்போதும் அதில் எழுதிக்கொண்டுதான் இருக்கும். அழித்தால்தான் பாரம் இறங்கும்.

இன்னொன்று. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கமிட் (எழுதியதை உறுதி செய்து சேமிப்பது) செய்கிறாயா? ஏலக் கணக்கு அளவுக்கு ஆறு இண்டெக்ஸை விட அதுதான் பெரிய காரணமாக இருக்கும். நூறு வரியைச் சேர்த்து ஒரே கமிட்டாகப் போடு. முதலில் இதைச் செய்.

தொண்டி: ஒரு படகின் ஒரு மாதக் கணக்குத்தான் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு இண்டெக்ஸா, ஒன்றா?

ஒன்று போதும்: படகு எண், தேதி என்ற வரிசையில் சேர்த்துப் போடுங்கள். சரியாக ஒரே மதிப்பைக் கேட்கும் ஃபீல்டு முன்னால், ‘இதிலிருந்து இதுவரை’ என்று கேட்பது பின்னால். இது இருந்தால் படகு எண்ணுக்கு மட்டும் வைத்திருக்கும் இண்டெக்ஸ் வீண், நீக்கிவிடுங்கள். தேதியை மட்டும் வைத்துத் தேடினால் இது கைகொடுக்காது, அதற்குத் தனியாக வேண்டும்.

மண்டபம்: படகு எண்ணில் இண்டெக்ஸ் இருந்தும் தேடல் மெதுவாக இருக்கிறது அண்ணே. கடைசி மூன்று இலக்கத்தைத்தான் அடிக்கிறார்கள்.

நம் விசைப்படகுகளின் எண் எல்லாமே ஐஎன்டி டிஎன் என்றே தொடங்கும். துறைமுகத்தில் யார் அதைச் சொல்கிறார்கள்? ‘412 வந்துருச்சா’ என்றுதான் கேட்பார்கள். பி-ட்ரீயோ இடது பக்கத்திலிருந்து ஒப்பிடும். வால் மட்டும் தெரிந்தால் எல்லா எண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்தே தீர வேண்டும். அந்தக் கடைசி எண்ணைத் தனி ஃபீல்டாகப் பிரித்து அதற்கு இண்டெக்ஸ் போடுங்கள். இடம் கொஞ்சம்தான் பிடிக்கும்.

கீழக்கரை: 36 எழுத்து யூயூஐடியை (எங்கும் திரும்ப வராதபடி கணினி உருவாக்கும் அடையாள எண்) பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரிக்கும் உரிய முதன்மை அடையாளமாக வைத்தால் தவறா?

மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் ஒவ்வொரு கூடுதல் இண்டெக்ஸும் பிரைமரி கீயையும் சுமக்கும். ஐந்து இண்டெக்ஸ் என்றால் அந்த 36 எழுத்து வரிக்கு ஐந்து முறை கூடுதலாக ஏறும். எண்ணாக வையுங்கள். யூயூஐடிதான் வேண்டுமென்றால் 16 பைட் பைனரியாக.

ராமேசுவரம், கல்லூரி மாணவி: போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் பயன்படாத இண்டெக்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணா?

பிஜி ஸ்டாட் யூசர் இண்டெக்ஸஸ் என்ற வியூவில் ஐடிஎக்ஸ் ஸ்கேன் எண்ணைப் பாரும்மா, அந்த இண்டெக்ஸ் எத்தனை முறை பயன்பட்டது என்று சொல்லும். பூஜ்யம் என்றால் சந்தேகப்படலாம். ஆனால் ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் காக்கும் ‘யூனிக்’ இண்டெக்ஸைத் தொடாதே. யாரும் தேடாவிட்டாலும் ஒரே ஏல டோக்கன் இரண்டு முறை பதியாமல் தடுப்பது அதுதான். தடைக்காலத்தில் மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. படகுகள் போய்வரும் மாதங்களும், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சும் கடந்த பிறகு அந்த எண்ணை இன்னொரு முறை பார், அப்புறம் நீக்கு.