மாப்பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு ஊசி

கேள்வி: எனக்கு 26 வயது. ஊர் கோபி பக்கம், வேலை திருப்பூர் பனியன் கம்பெனியில். பரு வந்து இரண்டு கன்னத்திலும் குழி விழுந்துவிட்டது. இப்போதும் ஒன்றிரண்டு பரு வருகிறது. தை மாதம் கல்யாணம். ஃபில்லர் ஊசி போட்டால் குழி மேடாகிவிடுமாம். தெரிந்த பார்லர் அக்கா போட்டுவிடுகிறேன் என்கிறார். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்கிறார் அம்மா. போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அம்மிணி, 'மாப்பிள்ளைக்குத் தெரியாமல்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. உன் முகத்தை நேரில் பார்த்துவிட்டுத்தானே அவர் சம்மதம் சொன்னார்?

அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம். கரைந்துபோகிற பொருள். ஆறு மாதமோ ஒரு வருடமோ நிற்கும், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக. அப்புறம் குழி பழையபடி தெரியும், மறுபடி ஊசி. அன்றைக்குப் புருஷன் வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவாய்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றா? கல்யாணத்துக்கு முன்பே பெற்ற தாய் மகளுக்குப் பொய் பழக்கக்கூடாது. இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டு.

பார்லரில் போடவே கூடாது. மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகும். அரிதாகக் கண்பார்வையே போயிருக்கிறது. உடனே ஹையலூரானிடேஸ் என்ற கரைக்கும் மருந்தைப் போட்டு அதைக் கரைக்கத் தெரிந்த டாக்டரிடம்தான் முகத்தைக் கொடுக்க வேண்டும். நிரந்தர ஃபில்லர் என்றால் அதிலும் கரையாது.

கண்ணாடி முன் நின்று கன்னத்தை விரலால் இழுத்துப் பார். குழி மறைந்தால் ஃபில்லர் ஓரளவு உதவும். குறுகலாக, ஆழமாக இருக்கிற குழிக்கு உதவாது. அதற்கு டிசிஏ (ட்ரைகுளோரோஅசெட்டிக்) என்ற அமிலத்தைக் குழிக்குள் வைப்பார்கள். அடியில் நார் பிடித்து இழுக்கிற குழி என்றால், சப்சிஷன் செய்து ஊசியால் அந்த நாரை அறுத்துவிட வேண்டும். எல்லாம் பல மாத வேலை, தைக்குள் முடியாது.

அதற்கு முன் பரு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் புதுக் குழி விழுந்துகொண்டே இருக்கும். பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை எழுதினால் கல்யாணத் தேதியை டாக்டரிடம் சொல்லிவிடு. சாப்பிடும் நாளிலும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கருத்தரிக்கக்கூடாது. குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரலாம். இதையும் புருஷனுக்குத் தெரியாமலா சமாளிப்பாய்?

இந்த ஞாயிற்றுக்கிழமை நீயே அவருக்குப் போன் செய்து சொல். ஈரோட்டிலோ கோவையிலோ தோல் மருத்துவம் படித்த டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போ. வரமாட்டேன் என்று சொன்னால் தை பிறப்பதற்குள் எனக்கு மறுபடி எழுது.