ஜெர்மனிக்கு போல்ட் அனுப்புபவருக்கு: கார்பன் வரியும் கூரை சோலாரும்

சார், ஜெர்மனியில் போல்ட் வாங்குபவர் கார்பன் கணக்கு கேட்கிறார், பட்டறைக் கூரையில் சோலார் போட்டால் வரி குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். குறையாது. அதற்காக மட்டும் கடன் வாங்காதீர்கள். ஐரோப்பிய எல்லை வரி என்பது, அங்கே இறக்குமதியாகும் சரக்கைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்குப் போடும் வரி. இரும்புப் பொருள்களுக்கு அதில் இப்போது நேரடி உமிழ்வுதான், அதாவது செய்யும் இடத்திலேயே வெளியாவதுதான் சேரும்; மின்சாரம் தயாரிக்கும்போது வெளியாவது சேராது.

அந்த உமிழ்வில் பெரும்பங்கு நீங்கள் வாங்கும் கம்பிச் சுருளோடு வருகிறது. நிலக்கரி ஊது உலையில் செய்த எஃகு என்றால் டன்னுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. பழைய இரும்பை மின் உலையில் உருக்கியது என்றால் ரொம்பக் குறைவு. எந்த உலை, எவ்வளவு உமிழ்வு என்று ஆலையிடம் எழுத்தில் வாங்குங்கள். சரிபார்த்த கணக்கு இல்லாவிட்டால் ஐரோப்பியத் தரப்பே உமிழ்வுக்குக் கூடுதலாக ஒரு மதிப்பைப் போட்டுவிடும்.

2026 ஜனவரி முதல் வரும் சரக்குக்கு வரி கட்டுபவர் ஜெர்மனியில் வாங்குபவர்தான், ஆனால் விலைபேசும்போது உங்கள் தலையில் இறக்குவார். எனக்கும் இதில் கோபம் உண்டு. 1992-இல் ரியோவில் நடந்த ஐ.நா. புவி மாநாட்டில் சுற்றுச்சூழல் பொறுப்பு எல்லோருக்கும் ஒரே அளவல்ல என்று ஒப்புக்கொண்டவர்கள், ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு மட்டும் வெளியிடும் நம் நாட்டின் சிறு பட்டறைவரை கை நீட்டுகிறார்கள்.

அப்புறம், இந்த வரிக்குள் வரும் சரக்கு அவருக்கு வருடத்துக்கு மொத்தம் 50 டன்னுக்குள்தானா என்று நாளைக்கே கேளுங்கள். அப்படியென்றால் அவருக்கு விலக்கு உண்டு.