மோனார்க் என்று சொல்லி எருக்கம்புழுவை விற்கிறார்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பட்டாம்பூச்சி. கேரள எல்லையோரத்தில் மாடிக்கு மாடி மில்க்வீட் (எருக்குக் குடும்பத்துச் செடி, பட்டாம்பூச்சிப் புழுவின் சாப்பாடு) தொட்டி வைக்கிற மோகம் வந்திருக்கிறது. மோகம் வந்த இடத்துக்கு வியாபாரி வராமல் இருப்பாரா? கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளைச் சுருக்கவில்லை.

கேள்வி: ‘அமெரிக்க மோனார்க் முட்டை, 20 எண்ணம் 950 ரூபாய்’ என்று ஆன்லைன் விளம்பரம் பார்த்து வாங்கினேன் அக்கா. 11 பொரித்தது. பட்டாம்பூச்சியும் வந்தது, ஆனால் படத்தில் உள்ள அளவுக்குப் பெரிதாக இல்லை. விற்றவரைக் கேட்டால் “உங்கள் ஊர் வெயிலுக்குச் சின்னதாகத்தான் வரும்” என்கிறார். உண்மையா? (கொழிஞ்சாம்பாறை)

வெயிலில் சுருங்குவதற்கு அது என்ன வடகமா தம்பி?

நல்ல வேளை, புழுவின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். முதுகில் கறுப்பாக, கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை எண்ணிப் பாருங்கள். மோனார்க் புழுவுக்குத் தலைப்பக்கம் ஒரு ஜோடி, வால்பக்கம் ஒரு ஜோடி, அவ்வளவுதான். உங்கள் புழுவுக்கு நடுவிலும் ஒரு ஜோடி இருக்கிறது. மூன்று ஜோடி இருந்தால் அது நம் ஊர் வெந்தய வரியன். மோனார்க்குக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் ஆள் வேறு. மோனார்க் சிறகை விரித்தால் 9, 10 செ.மீ. வரும். வெந்தய வரியன் 7, 8 செ.மீ.யோடு நின்றுவிடும். மோனார்க்கின் சிறகில் கறுப்பு நரம்புகள் தடித்து ஓடும், இதற்கு அப்படி இருக்காது.

மோனார்க் நம் நாட்டுப் பூச்சி இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் பிறந்து, குளிர்காலத்துக்கு 4,000 கிலோமீட்டர் வரை பறந்து மெக்சிகோவின் மிச்சோவாகான் மலைக்காடுகளில் போய் அடைகிறது. அவை எங்கே போய் அடைகின்றன என்று வெளியுலகம் கண்டுபிடித்ததே 1975-இல்தான். உயிருள்ள பூச்சியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர மத்திய அரசின் தாவரப் பாதுகாப்புத் துறை அனுமதி வேண்டும். அந்த அனுமதி இருக்கிறதா என்று விற்றவரைக் கேளுங்கள். உங்கள் எண்ணை பிளாக் செய்கிறாரா இல்லையா, பாருங்கள்.

எந்த எருக்கஞ்செடியிலும் இலையின் அடியில் ஓசியில் கிடைக்கிற முட்டைக்கு 950 ரூபாய் வாங்கியிருக்கிறார். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் போட்ட ரசீது, அந்த ‘வெயில்’ பதில் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் படியவில்லை என்றால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: “பூந்தொட்டியில் பறக்கும் பட்டாம்பூச்சி” என்று 149 ரூபாய்க்கு வாங்கினேன். வீடியோவில் சிறகடித்தது. வந்தது கம்பி முனையில் குத்திய பிளாஸ்டிக், அடியில் சோலார் தகடு. ஏமாற்றிவிட்டார்கள்! (கம்பம்)

தலைப்பில் ‘சோலார்’ என்று போட்டிருந்ததை நீங்கள் அனுப்பிய படத்திலேயே நான் படித்துவிட்டேன். வெயிலில் வையுங்கள், பறக்கும்.

கேள்வி: புனலூர் பக்கம் ஒரு நர்சரியில், தொட்டி 120 ரூபாய் வீதம் 6 மில்க்வீட் வாங்கினேன். ஒரு பூச்சி இல்லாமல் இலை பளபளவென்று இருந்தது. கொல்லை எருக்கிலிருந்து 15 புழுவை எடுத்து அதில் விட்டேன். இரண்டாம் நாள் அத்தனையும் சுருண்டு கீழே கிடந்தது. கடைக்காரர் “செடி நல்லாத்தானே இருக்கு” என்கிறார். பில் இல்லை. நான் தமிழ்நாடு, கடை கேரளா. எங்கே முறையிடுவது? (செங்கோட்டை)

அந்தப் பளபளப்புதான் விஷயம் தங்கச்சி. என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துக் கிளப்பிவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நானும் இதே மாதிரி நாலு தொட்டி வாங்கி வந்து புழுக்களை விட்டேன். மறுநாள் காலை காப்பி டம்ளரோடு மாடிக்குப் போனால், ஒரு புழு பின்னங்காலால் மட்டும் இலை நுனியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்குகிறது. கூடு கட்டப்போகிற புழு அப்படித்தான் தொங்கும். “பாருங்க, கூடு கட்டுது” என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மடச்சி! கூடு கட்டப்போகிற புழு தலையை ஆங்கில ஜே எழுத்து மாதிரி வளைத்து வைத்திருக்கும். இது துவண்டு தொங்கியது, வாயிலிருந்து பச்சையாகத் தண்ணீர் வடிந்தது. சாயங்காலத்துக்குள் ஒன்று மிச்சமில்லை.

இமிடாகுளோப்ரிட் மாதிரியான பூச்சி மருந்துகளை இலையில் அடிக்கக்கூட வேண்டாம், வேரில் ஊற்றினால் போதும். தண்டு, இலை, பூ என்று செடி முழுக்க ஏறி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கிவிடும். குழாயடியில் வைத்து எவ்வளவு கழுவினாலும் போகாது. செடி சாகாது, அதைத் தின்கிற புழு சாகும். ரோஜாவுக்கோ குரோட்டன்ஸுக்கோ ஊற்றினால் அது அவர்கள் தொழில், விட்டுவிடலாம். ஆனால் ‘பட்டாம்பூச்சிச் செடி’ என்று பலகை எழுதி, பூவில் இருக்கிற பட்டாம்பூச்சிப் படத்தையும் ஒட்டி, வேரில் பூச்சி மருந்தையும் ஊற்றி விற்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. குழந்தைக்குப் பால்பவுடர் என்று சொல்லி எலி மருந்து கலந்து கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேட்டால் “அழகா இருந்தாத்தானே மேடம் வாங்குறாங்க” என்று பதில் வரும். அதில் நமக்கும் பங்கு உண்டு. ஓட்டை விழாத இலையாகப் பார்த்துப் பொறுக்குகிறோம்.

அதனால் அடுத்த முறை கடைக்குப் போனால் காய்கறி வாங்குகிற கண்ணைக் கழற்றி வைத்துவிடுங்கள். எருக்கு, மில்க்வீட் குடும்பச் செடிகளில் தளிரையொட்டி மஞ்சள் மஞ்சளாக அசுவினி மொய்க்கும். அது உயிரோடு மொய்த்திருக்கிற செடியைத் தேடி வாங்குங்கள், பெரும்பாலும் அதில் மருந்து இருக்காது. இலையில் நாலு கடி இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு புழுவை விட்டு இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதை விடுங்கள். என்ன மருந்து போட்டீர்கள் என்று கடையில் கேளுங்கள், “ஒண்ணும் இல்ல” என்றால் அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. எல்லை தாண்டி வாங்கும்போதுதான் பில் கட்டாயம் வேண்டும், நம் ஆட்கள் அப்போதுதான் பத்து ரூபாய் குறைகிறது என்று அதை விட்டுவிட்டு வருகிறார்கள். சரி, போனது போகட்டும். நீங்கள் யுபிஐயில் கட்டியிருக்கிறீர்கள், அந்தப் பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே புகார் போடலாம். ஆரியங்காவு தாண்டி அலைய வேண்டாம். முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: பட்டாம்பூச்சிக்கென்று விற்ற செடி பட்டாம்பூச்சியைக் கொன்றது, 720 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று. இரண்டே வரி போதும்.

கேள்வி: மகள் கல்யாணத்தில் மேடையில் பெட்டியைத் திறந்ததும் நூறு பட்டாம்பூச்சி பறக்க வேண்டும். ஒன்று 150 ரூபாய் சொல்கிறார்கள். எப்படிப் பேரம் பேசலாம்? (மார்த்தாண்டம்)

பேசாதீர்கள். குளிரில் மயக்கி, காகித உறைக்குள் சிறகை மடித்து அடைத்துக் கொண்டுவருவார்கள். பெட்டியைத் திறந்ததும் பாதி பறக்காது, முகூர்த்தப் பட்டுக்கடியில் மிதிபடும். காட்டில் பிடித்தவையாக இருந்து, அதில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள வகை ஒன்று சிக்கினால், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் வனத்துறை வந்து நிற்கும். தோவாளைப் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, பூ தூவுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து உண்டியல் காசில் 2,500 ரூபாய் சேர்த்து, கூட்டுப்புழு அனுப்புவதாகச் சொன்ன ஒருவருக்குப் போன வாரம் கட்டினோம். கூரியர் வரவில்லை, போன் எடுக்கவில்லை. பிள்ளைகள் தினமும் வாசலில் வந்து கேட்கிறார்கள். (குமுளி)

அம்மா, படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. இது தரக்குறைவுப் புகார் இல்லை, பண மோசடி. இன்றைக்கே 1930-க்குப் போன் செய்யுங்கள், அது சைபர் மோசடிக்கான எண். ஒரு வாரம் போய்விட்டதே என்று விடாதீர்கள், ஆனால் இனி ஒரு நாளும் தள்ளாதீர்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்க முடியும். பணம் போட்ட வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. ஒரு கறிவேப்பிலைக் கன்று, ஒரு எலுமிச்சைக் கன்று வைக்கச் சொல்லுங்கள். தளிர் விட்டால் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு வந்து உட்கார்ந்திருக்கும். அதைத் தட்டிவிடாமல் இருக்க வேண்டும். கொஞ்ச நாளில் பச்சையாக மாறும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகளுக்கு அது போதும், மோனார்க்கை மறந்துவிடுவார்கள்.

கேள்வி: ‘ஒரிஜினல் யு.எஸ். மில்க்வீட்’ விதை, 30 விதை 280 ரூபாய். நாற்பது நாள் தண்ணீர் ஊற்றியும் ஒன்றும் முளைக்கவில்லை. விதை கெட்டதா, என் கை ராசியா? (களியக்காவிளை)

கை ராசியை விடுங்கள். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதி மில்க்வீட் விதைகளுக்குப் பனிக்காலம் முடிந்தால்தான் முளைக்கத் தோன்றும். ஈரத்தாளில் சுற்றி ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைத்து அந்தப் பனிக்காலத்தை நாம் கொடுக்க வேண்டும். களியக்காவிளைச் சட்டியில் அதற்கு ஏது பனி? சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்தாகப் பூக்கிற வெப்பமண்டல மில்க்வீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் விதை பக்கத்து வீட்டிலேயே காற்றில் பறக்கும்.

பொட்டலத்தின் படத்தைப் பார்த்தேன். பட்டாம்பூச்சி இருக்கிறது, அமெரிக்கக் கொடி இருக்கிறது. இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, அதிகபட்ச விலை இல்லை. அடைத்து விற்கும் பொருளில் இதெல்லாம் அச்சிட வேண்டும் என்று 2011 விதிகள் சொல்கின்றன. அதை வைத்தே புகார் கொடுக்கலாம். ஆனால் முகவரியே இல்லாத பொட்டலத்துக்கு 280 ரூபாய் கொடுத்தபோது நீங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி: புழு வளர்க்க வலைக்கூண்டு எது வாங்கலாம்? 400-லிருந்து 2,000 வரை இருக்கிறது. (பொள்ளாச்சி)

நான் 1,400 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மடித்தால் தட்டு மாதிரி, விட்டால் ‘டப்’பென்று விரியும். அந்த ‘டப்’புக்காகத்தான் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஜிப் மூலையில் விரல் நுழைகிற சந்து. அதன் வழியாகப் போன எறும்பு, கூட்டுப்புழுவின் வெறும் கூட்டை மட்டும் மிச்சம் வைத்தது. அதோடு சேர்த்து ‘தேன் ஊட்டும் பிளாஸ்டிக் பூ’ ஒன்றும் 250-க்கு வாங்கினேன். சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். பட்டாம்பூச்சி வரவில்லை, குளவி வந்தது.

சாப்பாடு மூடுகிற வலைக்கூடை போதும். அடியில் தட்டு, தட்டைச் சுற்றி எறும்புக்குத் தண்ணீர். கூடு தொங்க மேலே ஒரு சாண் இடம் இருக்கட்டும். வெளியே வந்த பூச்சி சிறகை விரித்துக் காய வைக்க அது வேண்டும்.

கேள்வி: வெள்ளெருக்குக் கன்று 350 ரூபாய், ஊதா எருக்கு ரோட்டோரம் சும்மா கிடக்கிறது. பட்டாம்பூச்சிக்கு வெள்ளைதான் உசத்தி என்கிறார் நர்சரிக்காரர். மாமியாரோ எருக்கே வீட்டுக்கு ஆகாது என்கிறார். (புளியரை)

வெள்ளெருக்கு பிள்ளையாருக்கு உசத்தி. புழுவுக்கு இரண்டும் ஒரே சாப்பாடு. ரோட்டோரத்துச் செடியின் காய் வெடிக்கும்போது விதையைப் பிடித்துப் போடுங்கள், 350 ரூபாய் மிச்சம். பாலை மட்டும் ஜாக்கிரதை. இலை கிள்ளிய கையால் கண்ணைத் தேய்த்தால் பார்வையே மங்கும். பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போக வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கைக்கு எட்டாத கொல்லை மூலையில் வையுங்கள்.

மாமியாரிடம் நான் பேச முடியாது.