லிஸ்ஸி போர்டன் எப்படி விடுதலையானார்?

1892 ஆகஸ்ட் 4, அமெரிக்காவின் ஃபால் ரிவர் நகரம். ஆண்ட்ரூ போர்டனும் இரண்டாம் மனைவி ஆப்பியும் பட்டப்பகலில் வீட்டுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் 32 வயது இளைய மகள் லிஸ்ஸி மீது விழுந்தது.

நேரடி சாட்சி இல்லை. உடையில் பெரிதாக ரத்தக்கறை கிடைக்கவில்லை. கொலை நடந்து மூன்று நாள் கழித்து லிஸ்ஸி ஒரு கவுனை அடுப்பில் போட்டு எரித்தார், பெயின்ட் பட்டுவிட்டதாம்! கொலைக்கு முந்தின நாள் மருந்துக்கடையில் கொடிய விஷம் கேட்டார் என்ற சாட்சியத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. வழக்குக்கு முன் வக்கீல் இல்லாமல் நடந்த விசாரணையில் அவர் முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னதும் தள்ளுபடி. அரசுத் தரப்பு அங்கேயே படுத்துவிட்டது என்பேன். 1893 ஜூன் 20 அன்று, ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் விடுவித்தது.

வேறு யார் மீதும் வழக்கு இல்லை. அதே ஊரில் பெரிய வீடு வாங்கி, ஊரார் ஒதுக்கியும் நகராமல், 1927 வரை வாழ்ந்தார்.